கடையை மூடினால்தான் காசு: பிரிட்டனின் பிபிஐ காப்பீடும் சுயதொழில் செய்தவர்களும்

பிரிட்டனில் 1990-களிலும் அதற்கடுத்த பத்தாண்டிலும் வங்கிக் கடன் வாங்கியவர்களில் பெரும்பாலோர் ஒரு கேள்வியைச் சந்தித்திருப்பார்கள்: "நாளைக்குத் தவணை கட்ட முடியாமல் போனால் என்ன செய்வீர்கள்?" கேட்டவர் வங்கி ஊழியர். பதிலையும் அவரே கையில் வைத்திருந்தார். பேமென்ட் புரொடெக்‌ஷன் இன்ஷூரன்ஸ் என்ற காப்பீடு, சுருக்கமாக பிபிஐ. நோய் வந்தால், விபத்து நேர்ந்தால், வேலை போனால் தவணையைக் காப்பீட்டு நிறுவனம் கட்டும். வீட்டுக் கடன், தனிநபர் கடன், கார் கடன், கிரெடிட் கார்டு, ஜவுளிக் கடைகள் தந்த ஸ்டோர் கார்டு என எல்லாவற்றோடும் இது ஒட்டிக்கொண்டு வந்தது. மொத்தம் 6 கோடியே 40 லட்சம் பாலிசிகள் வரை விற்கப்பட்டிருக்கலாம் என்பது எஃப்சிஏ எனப்படும் நிதி நடத்தை ஆணையத்தின் மதிப்பீடு.

அவற்றில் ஏராளமானவை விற்கப்பட்ட விதம் தவறு என்று பின்னாளில் முடிவானது. 2011 முதல் வங்கிகள் வாடிக்கையாளர்களுக்குத் திருப்பிக் கொடுத்த தொகை 3,800 கோடி பவுண்டைத் தாண்டியது. பிரிட்டனின் நிதித்துறை வரலாற்றில் இவ்வளவு பெரிய இழப்பீடு வேறில்லை. இந்தப் பணத்தைப் பெற்றுத் தருவதாகச் சொன்ன விளம்பரங்கள் பலவற்றில் இப்படி ஒரு வரி இருந்தது: "நீங்கள் அப்போது சுயதொழில் செய்தவரா? அப்படியானால் அந்த பாலிசியால் உங்களுக்குப் பயனே இல்லை. பணத்தைத் திரும்பக் கேளுங்கள்."

அந்த வரி பாதி உண்மை. மீதிப் பாதியை நம்பிப் புகார் எழுதியவர்களில் பலர் தோற்றார்கள். வலுவான காரணம் கையில் இருந்தும் அதை விட்டுவிட்டு வேறு காரணத்தை எழுதியதால் தோற்றவர்களும் உண்டு.

பாலிசியில் சுயதொழில் செய்பவர் எங்கே நின்றார் என்பதை முதலில் பார்க்க வேண்டும். பிபிஐ மாதச் சம்பளக்காரரை மனத்தில் வைத்து எழுதப்பட்ட ஒப்பந்தம். தொழிற்சாலை ஆட்குறைப்புச் செய்தால் ஊழியருக்கு ஒரு கடிதம் வரும். அதைக் காட்டினால் போதும், வேலையிழப்பு நிரூபணமாகிவிடும். கட்டடக் கொத்தனாருக்கோ மினிகேப் ஓட்டுநருக்கோ அப்படிக் கடிதம் தர ஆளில்லை. சில பாலிசிகள் வேலையிழப்புப் பாதுகாப்பிலிருந்து சுயதொழில் செய்பவரை முழுக்க விலக்கின. பெரும்பாலானவை விலக்கவில்லை, ஆனால் தனி நிபந்தனைகள் போட்டன. தொழிலை நிரந்தரமாக நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்திவிட்டதாக வரித்துறைக்குத் தெரிவித்திருக்க வேண்டும். சில பாலிசிகளில் திவாலாகியிருக்க வேண்டும், அல்லது தொழிலின் சொத்துகளையும் கடன்களையும் தீர்க்கும் நடவடிக்கை தொடங்கியிருக்க வேண்டும். அதன் பிறகு வேலை தேடுபவராகப் பதிவு செய்து அந்த உதவித்தொகைக்கு விண்ணப்பித்திருக்க வேண்டும்.

தொழில் செய்தவர்களுக்கு இதன் பொருள் உடனே விளங்கும். சுயதொழிலில் வருமானம் ஒரே நாளில் நின்றுபோவது அபூர்வம். மூன்று மாதம் வேலை வராது, நான்காவது மாதம் இரண்டு ஒப்பந்தம் சேர்ந்து வரும். பக்கத்தில் சூப்பர் மார்க்கெட் திறந்ததும் கடையின் வியாபாரம் பாதியாகும், ஆனால் கடை திறந்தேதான் இருக்கும். தவணை கட்டத் திணறுவது அந்த மாதங்களில்தான், அந்த மாதங்களில் பாலிசி ஒரு பென்னியும் தராது. பணம் வேண்டுமானால் கடைக்குப் பூட்டுப் போட வேண்டும். வீடு இடிந்தால்தான் விரிவேன் என்று சொல்லும் குடை அது. லண்டனில் ஈஸ்ட் ஹாம், டூட்டிங், ஹாரோ பக்கங்களில் மளிகைக் கடையோ பெட்ரோல் நிலையமோ நடத்திய ஈழத் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த நிபந்தனையைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

சொந்த லிமிடெட் கம்பெனியில் இயக்குநராக இருந்தவர்கள் நிலை இன்னும் விசித்திரமானது. காகிதத்தில் அவர்கள் ஊழியர்கள். சம்பளச் சீட்டுக்கூட உண்டு. ஆனால் கம்பெனியைத் தம் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவரைப் பல பாலிசிகள் சுயதொழில் செய்பவராகவே கணக்கிட்டன. தன்னைத் தானே வேலையை விட்டு நீக்கிக் காசு கேட்க முடியாது என்பது அதன் தர்க்கம். அந்த தர்க்கத்தில் தவறில்லை. விற்கும்போது யாரும் அதைச் சொல்லவில்லை என்பதுதான் தவறு. குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் வேலை செய்தவர்களுக்கும் இதேபோல ஒரு பொறி இருந்தது. ஒப்பந்தம் தன் காலத்தில் முடிவது வேலையிழப்பு ஆகாது.

இதுவரை சொன்னது பாலிசியின் ஒரு பாதி. விளம்பரங்கள் மறைத்த இன்னொரு பாதி, நோய்க்கும் விபத்துக்குமான பாதுகாப்பு. சட்டப்படியான நோய்க்கால ஊதியம் பிரிட்டனில் ஊழியர்களுக்கு மட்டுமே உண்டு. படுத்தால் வருமானமில்லை என்பது சுயதொழில் செய்பவரின் நிரந்தர நிலை. 1995 அக்டோபரில் அரசு வீட்டுக் கடன் வட்டி உதவியைச் சுருக்கியபோது, அதன் பிறகு கடன் வாங்கியவர்கள் பலர் ஏறக்குறைய ஒன்பது மாதம் காத்திருந்தால்தான் உதவி என்றானது. தனியார் காப்பீட்டை வாங்கிக்கொள்ளுங்கள் என்பதே அதன் உட்பொருள். ஆறு மாதம் சம்பளத்தோடு விடுப்பு கிடைக்கும் ஆசிரியரைவிட, கை ஓய்ந்தால் அன்றே வருமானம் நிற்கும் தச்சருக்கு நோய்ப் பாதுகாப்பு அதிகம் தேவைப்பட்டது.

இதை வங்கிகள் நன்றாகப் பிடித்துக்கொண்டன. "வேலையிழப்புப் பகுதி இவருக்கு அவ்வளவாகப் பயன்பட்டிராது, சரி. ஆனால் நோய்ப் பகுதி பயன்பட்டிருக்குமே" என்று வாதாடின. நிதி நிறுவனங்கள் மீதான புகார்களைத் தீர்க்கும் நிதித்துறை ஆம்புட்ஸ்மேன் அலுவலகம் பல புகார்களில் இதை ஏற்றுக்கொண்டது. சுயதொழில் செய்தார் என்பதாலேயே பாலிசி தவறாக விற்கப்பட்டது என்றாகிவிடாது என்பது அதன் அணுகுமுறை. குறிப்பிட்ட பாலிசியின் நிபந்தனை என்ன, அதைத் தெளிவாகச் சொல்லியிருந்தால் இந்த மனிதர் வாங்காமல் விட்டிருப்பாரா என்றுதான் அது பார்த்தது. தொழிலை நிறுத்தி வரித்துறைக்குத் தெரிவித்தால் போதும் என்றிருந்த பாலிசியை, ஊழியருக்கான நிபந்தனையைவிடப் பெரிதாகக் கடினமானதல்ல என்று சொல்லிப் புகாரைத் தள்ளிய முடிவுகள் உண்டு. எனக்கு அந்த முடிவுகளில் உடன்பாடில்லை. வேலையை இழப்பது நமக்கு நேர்வது, தொழிலை மூடுவது நாம் எடுக்கும் முடிவு. இரண்டையும் ஒரே தட்டில் வைத்தவர்கள் கடை நடத்தியவர்களாக இருந்திருக்க முடியாது.

நோய்ப் பகுதியும் அவ்வளவு பெருந்தன்மையானதாக இல்லை. முன்பே இருந்த நோய்களுக்குப் பணமில்லை. முதுகுவலிக்கும் மன அழுத்தத்துக்கும் பல பாலிசிகள் விலக்கோ கடுமையான மருத்துவச் சான்று நிபந்தனையோ வைத்திருந்தன. சுமை தூக்குபவரையும் நாள் முழுக்க வண்டி ஓட்டுபவரையும் வேலையிலிருந்து வீழ்த்துவது பெரும்பாலும் முதுகுதான். பணம் கிடைத்தாலும் ஒரு முறைக்கு அநேகமாக 12 மாதம்தான்.

அப்படியானால் சுயதொழில் என்ற காரணம் எங்கே வலுப்பெற்றது? என் பார்வையில், கடன் விண்ணப்பப் படிவத்தில். "வேலை நிலை" என்ற கட்டத்தில் அவர்கள் பெரும்பாலும் சுயதொழில் என்றுதான் எழுதியிருந்தார்கள். பல சமயம் இரண்டு மூன்று ஆண்டுக் கணக்குகளையும் வங்கி கேட்டு வாங்கிக்கொண்டது. கடனுக்குத் தகுதியா என்று பார்க்க அந்தத் தகவலைத் துருவியவர்கள், பக்கத்து மேசையில் காப்பீடு விற்கும்போது அதையே மறந்துபோனார்கள். வங்கி ஊழியர் "உங்களுக்கு இது ஏற்றது" என்று பரிந்துரை செய்து விற்றிருந்தால், ஏற்றதா என்று பார்க்கும் பொறுப்பும் அவருடையதாகிறது. பரிந்துரையின்றித் தகவல் மட்டும் தந்து விற்றிருந்தாலும், முக்கிய விலக்குகளைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். வென்ற புகார்களில் பல இந்த இரண்டில் ஒன்றின்மீது நின்றன: "நான் சுயதொழில் செய்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும், நீங்கள் பரிந்துரைத்தீர்கள், நிபந்தனையைச் சொல்லவில்லை." வெறுமனே "நான் சுயதொழில் செய்தேன்" என்று ஒரு வரி எழுதியவர்களுக்கு அந்த வலு கிடைக்கவில்லை.

இன்னொரு குழப்பமும் இருந்தது. கணக்கில் வருவது பாலிசி விற்ற நாளின் நிலை. அன்று ஊழியராக இருந்து, இரண்டு ஆண்டு கழித்துக் கடை திறந்தவருக்கு இந்தக் காரணம் கிடையாது. அன்று சுயதொழில் செய்து பிறகு அரசு வேலைக்குப் போனவருக்கு உண்டு.

சுயதொழிலைத் தாண்டி எல்லோருக்கும் பொதுவான காரணங்கள் பல சமயம் இதைவிட வலுவாக இருந்தன. பிபிஐ வாங்கினால்தான் கடன் என்று சொன்னது, கேட்காமலேயே சேர்த்துவிட்டது, விலையைச் சொல்லாதது என அந்தப் பட்டியல் நீளம். இவற்றில் மோசமானது ஒற்றைப் பிரீமியம். ஐந்தாண்டுப் பிரீமியத்தை முழுதாகக் கணக்கிட்டுக் கடனோடு சேர்த்து, அதற்கும் வட்டி போடுவார்கள். கணக்குக்காக ஓர் உதாரணம்: 10,000 பவுண்டு கடனோடு 2,000 பவுண்டு பிரீமியம், ஐந்தாண்டு, மாதத் தவணை, ஆண்டுக்கு 10 சதவீத வட்டி. காப்பீட்டுக்காக மட்டும் கட்டி முடிப்பது சுமார் 2,550 பவுண்டு. இடையில் கடனை அடைத்தால் பிரீமியத்தில் திரும்பி வருவது சொற்பம். கடன் பத்தாண்டு, காப்பீடு ஐந்தாண்டு என்று விற்ற பாலிசிகளும் இருந்தன. காப்பீடு முடிந்த பிறகும் அதன் வட்டி ஓடிக்கொண்டிருக்கும்.

இதையெல்லாம் நிறுத்துவதற்கு ஏன் இத்தனை ஆண்டு பிடித்தது என்பதற்குக் காரணம் லாபம். மக்களுக்கு ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பு 2005 செப்டம்பரில் அதிகாரபூர்வப் புகார் கொடுத்தது. 2007-இல் விஷயம் போட்டி ஆணையத்துக்குப் போனது. 2006 என்ற ஒரே ஆண்டில் 12 பெரிய விற்பனையாளர்கள் இயல்புக்கு மேல் ஈட்டிய லாபம் 140 கோடி பவுண்டு என்று அந்த ஆணையம் கணக்கிட்டது. கடன் கொடுக்கும் இடத்திலேயே பிபிஐ விற்கக்கூடாது என்று 2009 ஜனவரியில் அது சொன்னது. பார்க்லேஸ் வங்கி மேல்முறையீட்டுக்குப் போனது. தடை நடைமுறைக்கு வந்தது 2012 ஏப்ரலில். இதற்கிடையில் எஃப்சிஏவுக்கு முன்பிருந்த நிதிச் சேவைகள் ஆணையம் 2010 ஆகஸ்டில் புகார்களைக் கையாளப் புதிய விதிகளைக் கொண்டுவந்தபோது, வங்கிகளின் சங்கம் நீதிமன்றம் போனது. 2011 ஏப்ரல் 20 அன்று உயர் நீதிமன்றத்தில் தோற்றது. மே மாதம் லாயிட்ஸ் வங்கி தனியே விலகி 320 கோடி பவுண்டு ஒதுக்கியதும் மற்றவர்களின் எதிர்ப்பும் சரிந்தது. லாயிட்ஸ் முடிவில் கொடுத்த தொகை அதைப் போலப் பல மடங்கு.

பிறகு புகார் வெள்ளம். 2012-13 நிதியாண்டில் ஆம்புட்ஸ்மேனுக்கு வந்த 5 லட்சத்துச் சொச்சம் புதிய புகார்களில் 3,78,000-க்கு மேல் பிபிஐ பற்றியவை. புகார் செய்வதற்கான கடைசி நாளை நினைவூட்ட எஃப்சிஏ 2017-இல் அர்னால்ட் ஷ்வார்ஸ்நெகரின் இயந்திரத் தலையை வைத்துத் தொலைக்காட்சி விளம்பரம் எடுத்தது. அந்தச் செலவையும் வங்கிகளிடமே வாங்கியது ஒரு நல்ல நகைச்சுவை.

இந்த வெள்ளத்தில் சுயதொழில் செய்தவருக்குக் குறுக்கே நின்ற பெரிய தடை காகிதம். பதினைந்து ஆண்டுக்கு முந்தைய கடன் ஒப்பந்தமும் அன்றைய வேலை நிலைக்கான சான்றும் யாரிடம் இருக்கும்? ஊழியருக்குப் பழைய முதலாளி சான்று தரலாம். சுயதொழில் செய்தவரிடம் இருப்பது பெரும்பாலும் அவர் தாக்கல் செய்த வரிக் கணக்குதான். அதையும் சட்டப்படி வைத்திருக்க வேண்டிய காலம் தாண்டியதும் பெரும்பாலோர் தூக்கி எறிந்திருப்பார்கள். வங்கியின் பதிவேடுதான் கடைசி நம்பிக்கை. 2015 ஏப்ரலில் எஃப்சிஏ கிளைட்ஸ்டேல் வங்கிக்கு 2 கோடி பவுண்டுக்கு மேல் அபராதம் விதித்தது. தங்களிடம் ஆவணமே இல்லை என்று தோன்றும்படி அதன் ஊழியர் குழு ஒன்று கணினி அச்சுப் பிரதிகளை மாற்றி ஆம்புட்ஸ்மேனுக்கு அனுப்பியிருந்தது. அதே ஆண்டு ஜூனில் லாயிட்ஸுக்கு 11.7 கோடி பவுண்டு அபராதம். தன் விற்பனை முறை சரியானது என்ற முன்முடிவோடு ஊழியர்களைப் புகார்களை ஆராய வைத்ததற்கு அது. ஆகவே "உங்களுக்கு பிபிஐ இருந்ததாகப் பதிவில்லை" என்ற ஒரு வரிக் கடிதத்தை நம்பி விட்டுவிட்டவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பணம் கிடைத்த பிறகும் சில சிக்கல்கள் இருந்தன. கட்டிய பிரீமியம், அதன்மீது கட்டிய வட்டி, இரண்டுக்கும் மேல் ஆண்டுக்கு 8 சதவீதத் தனி வட்டி என்பது வழக்கமான கணக்கு. பிரீமியம் திரும்புவதற்கு வரியில்லை. 8 சதவீத வட்டி சேமிப்பு வருமானம் என்பதால் அதற்கு வரி உண்டு. அநேக வங்கிகள் 20 சதவீதம் பிடித்துக்கொண்டே கொடுத்தன. வரிவிலக்கு வரம்புக்குள் வருமானம் இருந்தவர்கள் அதைத் திரும்பப் பெறலாம். நான்கு ஆண்டுக் கெடு இருந்ததால் பலர் கோட்டைவிட்டார்கள். தொழிலுக்காக வாங்கிய கடனின் பிரீமியத்தைக் கணக்கில் செலவாகக் காட்டியிருந்தவருக்குத் திரும்பி வந்தது தொழில் வருமானமாகியது. தவணை பாக்கி இருந்தால் வங்கி அதில் கழித்துக்கொள்ளும். திவாலானவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் கைக்கு வரவில்லை. திவாலாவதற்கு முன் வாங்கிய பாலிசியின் இழப்பீட்டு உரிமை சொத்துப் பொறுப்பாளரிடம் போய்விடும். திவாலானால்தான் பணம் தருவேன் என்ற பாலிசி, திவாலானவருக்கு இழப்பீடும் தராமல் போனது.

நடுவில் நின்று லாபம் பார்த்தவை, வாடிக்கையாளர் சார்பில் புகார் செய்து பணம் பெற்றுத் தந்த கோரிக்கை நிறுவனங்கள். ஒரு படிவத்தை நிரப்பி வங்கிக்கு அனுப்பும் வேலைக்குக் கிடைத்த தொகையில் கால் பங்குக்கும் மேல் எடுத்துக்கொண்டவை உண்டு. 2018 ஜூலையில்தான் சட்டம் அதை 20 சதவீதத்துக்கும் வாட் வரிக்கும் மேல் போகாமல் கட்டியது. ஆம்புட்ஸ்மேனிடம் புகார் செய்வது தொடக்கம் முதலே இலவசம்.

விவகாரத்தின் திசையையே மாற்றியது கமிஷன். 2006-இல் ஒரு கல்லூரி விரிவுரையாளர் பாராகன் நிறுவனத்திடம் 34,000 பவுண்டு கடன் வாங்கினார். பிபிஐ பிரீமியம் 5,780 பவுண்டு. அதில் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போனது 1,630 பவுண்டு மட்டும். மீதி 71.8 சதவீதம் தரகருக்கும் கடன் கொடுத்தவருக்கும் கமிஷன். அதை அவரிடம் சொல்லாதது அநியாயமான கடன் உறவு என்று 2014 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதை ஒட்டி எஃப்சிஏ 2017-இல் வகுத்த விதிப்படி, சொல்லாமல் எடுத்த கமிஷன் பிரீமியத்தில் பாதிக்கு மேல் போனால் அந்தக் கூடுதலைத் திருப்பித் தர வேண்டும். இதில் யார் ஊழியர், யார் சுயதொழில் என்ற கேள்வியே எழவில்லை. நிபந்தனைகளை வைத்துத் தோற்ற கடைக்காரரும் இந்தக் கதவால் ஏதோ ஒரு பங்கைப் பெற முடிந்தது. சுயதொழில் வாதத்துக்கே முழுக் கவனத்தையும் கொடுத்த விளம்பரங்கள் எவ்வளவு தவறாக வழிகாட்டின என்பது இங்கே புலப்படும்.

புகார் வழி 2019 ஆகஸ்ட் 29-உடன் அடைபட்டது. அதற்குப் பின் விதிவிலக்கான சூழ்நிலை இருந்தவர்களுக்கு மட்டுமே அது திறக்கும். நீதிமன்ற வழி முழுக்க மூடவில்லை. 2023-இல் உச்ச நீதிமன்றம் இரண்டு பிபிஐ தீர்ப்புகளைக் கொடுத்தது. அநியாயக் கடன் உறவு வழக்குக்கான ஆறு ஆண்டு, அந்தக் கடன் உறவு முடிந்த நாளிலிருந்து ஓடும் என்றது அக்டோபர் தீர்ப்பு. கமிஷனை வேண்டுமென்றே மறைத்திருந்தால் காலக்கெடு அந்த உண்மை வெளிப்படும் வரை தொடங்காது என்றது நவம்பர் தீர்ப்பு. அந்த வழக்கில் கமிஷன் 95 சதவீதத்துக்கும் மேல். 2025 ஆகஸ்ட் 1 அன்று கார் கடன் கமிஷன் வழக்கிலும் ஒரு வாடிக்கையாளர் அநியாயக் கடன் உறவு என்ற இதே சட்டப் பிரிவில் வென்றிருக்கிறார். கடனில் வண்டி வாங்கிய மினிகேப், டெலிவரி ஓட்டுநர்கள் கவனிக்க வேண்டிய தீர்ப்பு அது.

பழைய கிரெடிட் கார்டுக் கணக்கை அண்மைக் காலம் வரை மூடாமல் வைத்திருந்தவர்களுக்கு இன்னும் நேரம் இருக்கலாம். வங்கியிடம் உங்களைப் பற்றிய பதிவுகளின் நகலை எழுத்தில் கேளுங்கள். சட்டப்படி தர வேண்டும், பொதுவாகக் கட்டணமில்லை. தொகை 10,000 பவுண்டுக்குள் இருந்தால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொதுவாகச் சிறு வழக்குப் பிரிவுக்குப் போகும். வென்றாலும் வக்கீல் செலவு பெரும்பாலும் திரும்பி வராது, எனவே கையெழுத்திடும் முன் கணக்குப் போட்டுப் பாருங்கள். "உங்கள் பிபிஐ பணம் தயாராக இருக்கிறது, முதலில் கட்டணம் அனுப்புங்கள்" என்று யாராவது தொலைபேசியில் சொன்னால் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். எந்த வங்கியும் இழப்பீடு கொடுக்க முன்பணம் கேட்பதில்லை.